உப்புக் காற்று அடிக்கும் ஊரில் கணினிக்கு எந்தக் கூலர்?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சுருக்கமாக அவர் சொன்னது இது: "அண்ணே, நானே பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் பண்ணின சிஸ்டம். ரைசன் 5 5600 பிராசஸர், பி450 போர்டு, முன்னாடி கண்ணாடி வச்ச கேபினட். கல்யாண வீடியோ எடிட் பண்றேன். ரெண்டர் போட்டா, அதாவது எடிட் பண்ணினத முழு வீடியோவா மாத்தினா, அஞ்சு நிமிஷத்துல 90 டிகிரி காட்டுது, ஃபேன் வள்ளத்து இன்ஜின் மாதிரி கத்துது. ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள நல்ல ஏர் கூலர் எது? கடையில தண்ணிக் கூலர் போடுன்னு சொல்றாங்க. வீட்டுக்கும் கடலுக்கும் முந்நூறு மீட்டர்தான்."

கடைசி வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள் தம்பி. எனக்கு அதுதான் முக்கியமான வரி. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் ரெண்டு வரியில் பதில் முடிந்திருக்கும்.

அந்த ரெண்டு வரியை முதலில் சொல்லிவிடுகிறேன். 120 மி.மீ. ஃபேன், நாலு ஹீட் பைப் (சூட்டைக் கடத்தும் செம்புக் குழாய்), ஒற்றை டவர் (தகடுகள் ஒரே அடுக்காக நிமிர்ந்து நிற்கும்) கூலர் ஒன்று வாங்குங்கள். டீப்கூல் ஏஜி400, ஏகே400, ஐடி-கூலிங் எஸ்இ-214-எக்ஸ்டி, தெர்மல்ரைட் அசாசின் எக்ஸ் 120 எஸ்இ, கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212, இவற்றில் எது கையில் கிடைக்கிறதோ அது உங்கள் சிப்புக்கு, அதாவது பிராசஸருக்கு, தாராளம். விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். ஆனாலும் உங்கள் ரெண்டாயிரத்தை ஒட்டித்தான் நிற்கும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உங்கள் சிப்பில் ரெண்டு மூணு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வராது. அதற்காக ராத்திரி முழுக்க ரிவ்யூ வீடியோ பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏன் தாராளம் என்கிறேன் என்றால், 5600 பெட்டியில் 65 வாட் என்று போட்டிருந்தாலும் முழு லோடில் அது 76 வாட் வரை இழுக்கும். இன்றைய கணக்கில் இது அடக்கமான சிப்தான். அதன் வெப்ப உச்ச வரம்பு 90 டிகிரி. நீங்கள் பார்க்கும் 90 என்பது சூடு அங்கே தற்செயலாகப் போய் நின்ற இடம் இல்லை. அதற்கு மேல் போகக்கூடாது என்று சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் இடம். கெட்டுப்போகாது, ஆனால் ரெண்டர் நேரம் நீளும். சிப்போடு கூடவே வந்த குட்டிக் கூலரில் ஹீட் பைப்பே கிடையாது, வெறும் அலுமினியக் கட்டிதான்.

இன்னொரு கணக்கு. எந்தக் காற்றுக் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே சிப்பைக் கொண்டுபோக முடியாது. அறைச் சூட்டுக்கு மேல் எத்தனை டிகிரி என்பதுதான் கூலரின் மார்க். ஏசி போட்ட 22 டிகிரி அறையில் சோதித்து 64 என்று ஒருவர் சொன்னால், அறையைவிட 42 கூட என்று பொருள். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் 35 இருக்கும்போது அதே கூலர் 77 காட்டும். கூலர் மேல் குற்றம் இல்லை. அதனால் வெளிநாட்டுக்காரர் வீடியோவில் வரும் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள். ஒரு சுவர்க் கடிகாரத்தில் வரும் சின்ன வெப்பமானியை மேசையில் வைத்து, ரெண்டையும் கழித்துப் பாருங்கள்.

பெட்டியில் "180 வாட்", "220 வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதையும் பெரிதாக எடுக்க வேண்டாம். எந்த அறைச் சூட்டில், எந்தச் சிப்பில், எத்தனை டிகிரி வரை விட்டு அளந்தார்கள் என்பதற்குப் பொது விதி இல்லை, ஆளுக்கொரு படி. உங்கள் சிப்பில் சூடு கிளம்பும் சில்லு சுமார் 80 சதுர மி.மீ., சுண்டு விரல் நகம் அளவு. அந்த நகத்திலிருந்து சூட்டை வெளியே எடுப்பதுதான் கஷ்டம்; எடுத்தபின் பரப்பிவிட எத்தனை தகடு இருந்தாலும் ஓரளவுக்கு மேல் பயன் இல்லை. அதனால்தான் ஆறு பைப், ரெட்டை டவர் என்று இரட்டிப்புப் பணம் போட்டாலும் 5600-இல் பலன் கொஞ்சம்தான். பின்னாளில் 5800எக்ஸ் மாதிரி 142 வாட் வரை இழுக்கும் சிப்புக்கு மாறும் எண்ணம் இருந்தால் அது வேறு கதை.

இப்போது உப்புக்கு வருவோம்.

மண்டபத்தில் தென்கடல் பக்கம் ஜன்னல் திறந்த வீடு ஒன்றிலிருந்து ஒரு சிஸ்டம் சர்வீஸுக்கு வந்தது. மூணு வருஷம் ஆன டவர் கூலர். ஃபேனைக் கழற்றினால், தகடுகளின் முன் விளிம்பு முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஈரத் திருநீறு அப்பிய மாதிரி ஒரு படலம். பிரஷ் போட்டால் தூசி பறக்க வேண்டும் இல்லையா? பறக்கவில்லை, இழுபட்டது. விரலில் ஒட்டியதை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். (என் வீட்டம்மா பார்த்துக்கொண்டிருந்தாள், திட்டு வாங்கினேன்.) சந்தேகமே இல்லை, உப்பு. ரெண்டு தகடு கையில் அப்பளம் மாதிரி நொறுங்கியது, உள்ளே வெள்ளைப் பொடி. அடியில் செம்புக் குழாய் அலுமினியத்தைத் தொடும் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. ஃபேனைப் பிடிக்கும் கம்பிக் கொக்கி துரு ஏறி, எடுக்கும்போதே ஒடிந்தது. இத்தனைக்கும் அந்த வீட்டில் தூசி என்று சொல்ல ஒன்றும் இல்லை, பெருக்கித் துடைத்துப் பளிங்காக வைத்திருக்கிறார்கள்.

அடுப்படியில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் நீர்விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் இங்கேயும். சாப்பாட்டு உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது; அது 33 சதவீதத்திலேயே இழுக்கும். நம் ஊரில் ராத்திரிக் காற்று 75-ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். சிஸ்டம் ஓடும்போது தகடு சூடாக இருப்பதால் படலம் காய்ந்து கிடக்கும். அணைத்துவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் நனைந்துவிடும். நனைந்த உப்பு நடுவில் இருக்க, செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் தேய்வது எப்போதும் அலுமினியம்தான்.

பாம்பன் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பியும் விசேஷப் பெயின்டும் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் காற்றேதான் உங்கள் மேசைக்கடியிலும் வீசுகிறது.

ஆகவே ஒரே விலையில் ரெண்டு கூலர் இருந்தால், தகடு முழுக்கக் கறுப்புப் பூச்சு உள்ளதை, அல்லது செம்புக் குழாய் நிக்கல் முலாம் பூசி வெள்ளியாகத் தெரிவதை எடுங்கள். கறுப்பு அழகுக்காக அல்ல, உப்புக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு தோல் இருக்கட்டும் என்றுதான். அது நிரந்தரக் காவல் இல்லை. விளிம்பில் கீறல் விழுந்த இடத்தில் அரிப்பு வரத்தான் செய்யும். ஆனாலும் ரெண்டு வருஷம் கூடுதலாக உழைத்தால் நமக்கு லாபம். செம்புக் குழாய்கள் அடியில் வெறுமனே தெரிந்து நேராகச் சிப்பைத் தொடும் ரகம் பற்றியும் பயப்பட வேண்டாம். அந்த முகத்தை, சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட் மூடிவிடும். வெளியே தெரியும் வளைவுகளைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஃபேன். கூலரில் முதலில் சாவது இதுதான். ஹீட் பைப்புக்குள் அசையும் பாகம் எதுவும் இல்லை. காற்றை உறிஞ்சிவிட்டு மூடிய செம்புக் குழாய், உள்ளே சொட்டுத் தண்ணீர். சூட்டில் ஆவியாகி மேலே போய்க் குளிர்ந்து, உள்சுவரின் நுண்துளைகள் வழியாகத் திரும்பி வருகிறது. அவ்வளவுதான் வேலை. ஃபேனுக்கோ பேரிங் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, உப்பு அதற்குள்ளும் போகும். அதனால் 120-க்கு 120, 25 மி.மீ. கனம், நாலு பின் உள்ள சாதாரண ஃபேன் கம்பிக் கொக்கியில் மாட்டியிருக்கிற கூலராகப் பாருங்கள். அது செத்தால் ராமநாதபுரத்திலேயே சில நூறு ரூபாய்க்கு வேறு ஃபேன் வாங்கி மாட்டிவிடலாம். சில கூலர்களில் கலர் லைட்டோடு ஃபேன் சட்டமே தனி வடிவத்தில் வார்த்திருப்பார்கள். அது போனால் கூலரே போச்சு. லைட் வேண்டும் என்றால் ஸ்ட்ரிப் வாங்கி ஒட்டிக்கொள்ளுங்கள் தம்பி, கூலரில் தேடாதீர்கள்.

தண்ணிக் கூலருக்கு அதிகம் பேசத் தேவையில்லை. அதன் ரேடியேட்டரும் அதே அலுமினியத் தகடுதான், அதே உப்புதான் படியும். கூடவே ஒரு பம்ப். காற்றுக் கூலரில் ஃபேன் நின்றால் சிப் மெதுவாக ஓடி உங்களுக்குச் சொல்லும். பம்ப் நின்றால் ரெண்டர் நடுவில் ஒரேயடியாக சிஸ்டம் அணைந்தாலும் அணையும். 76 வாட் சிப்புக்கு அதை விற்க நினைப்பவர் தன் லாபத்தைப் பார்க்கிறார், தப்பில்லை, நாமும் நம்முடையதைப் பார்ப்போம்.

ஆனால் கூலர் வாங்கும் முன் காசில்லாத ஒரு சோதனை செய்யுங்கள். ரெண்டர் ஓடும்போது கேபினட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிப் பத்து நிமிஷம் விடுங்கள். அஞ்சு டிகிரிக்கு மேல் இறங்கினால் உங்கள் சிக்கலில் பாதி அந்த முன் கண்ணாடிதான். காற்று நுழைய வழி இல்லாத பெட்டிக்குள் எந்தக் கூலர் வைத்தாலும் தன் சூட்டையே திரும்பக் குடிக்கும். அப்படியானால் ரெண்டாயிரத்தையும் கூலரில் போடாமல் 1500-க்குக் கூலர், மீதிக்கு ஒரு ஃபேன் என்று பிரியுங்கள். ஏற்கெனவே இருக்கிற ஃபேனையும் சேர்த்து, முன்னால் ரெண்டு உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. உள்ளே வருவது கூடுதலாக இருந்தால் இடுக்குகள் வழியாக வெளிக்காற்று புகாது. நீங்கள் வலை கட்டிய வழியாகத்தான் வரும். வலைக்குக் கடைக்குப் போக வேண்டாம். பழைய நைலான் கொசுவலையை ரெட்டையாக மடித்துக் கட்டினால் மணலும் நூலும் பஞ்சும் நிற்கும். நுண்ணிய உப்பு அதில் நிற்காது, அதற்குக் கழுவல்தான்.

கழுவல் என்றால் நிஜமாகவே கழுவல். வருஷம் ஒருமுறை, ஆடி முடிந்ததும், கூலரைக் கழற்றி, ஃபேனைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, தகட்டு பாகத்தை மட்டும் தண்ணீரில் அலசுங்கள். உப்பைக் கரைக்கத் தண்ணீரைவிட நல்ல மருந்து இல்லை; பிளோயர் வைத்து ஊதினால் காய்ந்த தூசிதான் போகும், ஒட்டிய உப்பு அங்கேயே இருக்கும். ஆனால் போர் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள்! அதிலேயே உப்பு. காவிரித் தண்ணீர் ரெண்டு குடம், இல்லையென்றால் கேன் தண்ணீர். கடைசி அலசலுக்காவது அது வேண்டும். நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அடிப்பக்கத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து மாட்டுங்கள். ஃபேனுக்கு ஈரத் துணி போதும். பிளோயர் பிடித்தால் இறக்கையை விரலால் அழுத்திக்கொள்ளுங்கள்; அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் கெடும்.

ஆடி என்று ஏன் சொன்னேன் தெரியுமா? உங்கள் தொழிலில் ஆடியில் முகூர்த்தம் கிடையாது, சிஸ்டம் சும்மா கிடக்கும். அதே ஆடியில்தான் கச்சான் காற்று மணலையும் உப்பையும் வாரி அடிக்கும். ஓடாத சிஸ்டம்தான் சீக்கிரம் அரிக்கும். வேலை இல்லாவிட்டாலும் தினம் அரைமணி நேரம் போட்டு வையுங்கள், உள்ளே காயட்டும். அந்த மாசத்தில் தெற்குப் பார்த்த ஜன்னலுக்கு நேரே கேபினட்டை வைக்காதீர்கள்.

இதோடு ஒன்று. கம்ப்யூட்டர் சூடாகிறது என்று அறைக்குள் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரை வாங்கி, சிஸ்டத்தைப் பார்க்கத் திருப்பி வைத்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். பெயர் ஒன்றுதான், வேலை வேறு. அது தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் பெட்டி. ஏற்கெனவே ஈரம் நிறைந்த கடலோரக் காற்றில் அதற்குப் பெரிய குளிர்ச்சி வராது. கூடுதல் ஈரத்தை மட்டும் உங்கள் உப்புப் படலத்துக்கு ஊட்டும்.

வாங்கும் முன் உயரத்தை அளந்து பாருங்கள். என் முதல் அசெம்பிளில் இதில்தான் மாட்டினேன். கடைக்காரர் "எல்லாத்துக்கும் சேரும்" என்றார், நானும் அளக்காமல் வாங்கி வந்தேன். எல்லாம் மாட்டிக் கதவை மூடினால் நாலு மி.மீ. இடிக்கிறது. பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். ஒரு வருஷம் கதவில்லாமல் ஓட்டினேன், பல்லி உள்ளே குடித்தனம் நடத்தியது. சிப்பின் மேல்முகத்திலிருந்து கதவின் உள்முகம் வரை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஏஜி400-உம் எஸ்இ-214-எக்ஸ்டி-யும் 150 மி.மீ., ஏகே400 155, அசாசின் எக்ஸ் 148. ராம் குச்சிகள் உயரமான ரகமாக இருந்தால் ஃபேன் அதில் இடிக்கும். கொஞ்சம் மேலே ஏற்றி மாட்டினால் சரியாகும், ஆனால் அந்த ஏற்றமும் உயரக் கணக்கில் சேரும்.

பழையதைக் கழற்றும்போது அவசரப்படாதீர்கள். உங்கள் ஏஎம்4 ரகச் சிப்பில் பின்கள் சிப்பின் அடியில் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் பசை மாதிரி பிடித்திருந்தால், கூலரை நேரே தூக்கும்போது பூட்டிய சாக்கெட்டிலிருந்து (போர்டில் சிப் உட்காரும் இடம்) சிப்பும் சேர்ந்தே பிடுங்கிக்கொண்டு வரும். பின் வளைந்தால் ஊசி வைத்து நிமிர்த்தும் வேலை, கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பத்து நிமிஷம் ஒரு ரெண்டர் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கரண்டைப் பிடுங்கி, நாலு ஸ்குருவையும் குறுக்கு மறுக்காகத் தளர்த்தி, கூலரை இடவலமாக மெதுவாகத் திருகுங்கள். தானே வழுக்கும், அப்புறம் தூக்குங்கள். ஸ்குரு கழன்றதும் போர்டின் பின்னால் இருக்கும் இரும்புத் தகடு விழும். கையைக் கொடுத்துப் பிடியுங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதுக் கூலர்கள் பலவற்றுக்கு அதே தகடுதான் வேண்டும். போர்டோடு வந்த ரெண்டு பிளாஸ்டிக் கொக்கியையும் தேடி வையுங்கள், சில கூலர் அதில்தான் மாட்டும்.

புதுக் கூலரின் அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். சிரிக்காதீர்கள், அதை உரிக்காமல் மாட்டிவிட்டு "கூலர் டூப்ளிகேட்" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. பேஸ்ட் நடுவில் ஒரு காய்ந்த பட்டாணி அளவு போதும். ஸ்குருவை ஒரு பக்கம் முழுக்க முறுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஃபேன் காற்று முன்னாலிருந்து பின்னால் போகட்டும்.

இதைப் படிக்கும் இன்டெல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 12-ஆம் தலைமுறையிலிருந்து வந்த 1700 சாக்கெட்டில் துளைகளின் இடைவெளி 78 மி.மீ.; அதற்கு முந்தைய 1200-இல் 75. பழைய ஸ்டாக் கூலர் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்தால் 1700 பிடிமானம் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐ5-12400 65 வாட் என்று சொன்னாலும் போர்டு விட்டால் 117 வரை போகும். அதற்கும் நான் மேலே சொன்ன கூலர்களே போதும்.

கூலர் கூரியரில் வரும் வரை வேலை நிற்கக்கூடாது என்றால், பயாஸில் (சிஸ்டம் தொடங்கும்போது திறக்கும் செட்டிங் பக்கம்) எக்கோ மோட் என்று ஒன்று இருக்கும், 45 வாட் என்று போடுங்கள். சிப் இழுப்பது சுமார் 60 வாட்டுக்கு இறங்கும். ரெண்டர் கொஞ்சம் தாமதமாகும், கத்தல் நன்றாகவே குறையும். எனக்குத் தெரிந்த ஒருவர் அதையே நிரந்தரமாக விட்டுவிட்டார், கூலரே வாங்கவில்லை!

மாட்டி முடித்ததும் சிப்புக்கு முழு லோடு கொடுக்கும் சினிபெஞ்ச் மென்பொருளைப் பத்து நிமிஷம் ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் சூட்டைப் பாருங்கள், அறைச் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அறை 34 இருக்கும்போது 80-க்குள் நின்றால் கையைத் தட்டிவிட்டுப் போய்ப் படுங்கள். 85-ஐத் தாண்டினால் கூலரைக் குறை சொல்லாமல் ஒருமுறை கழற்றி, பேஸ்ட் எல்லாப் பக்கமும் பரவியிருக்கிறதா என்று பார்த்து மறுபடி மாட்டுங்கள். பெரும்பாலும் ஒரு மூலை ஸ்குரு சரியாக இறங்கியிருக்காது. கேபினட் மாடலும் ஸ்கேலில் வந்த அளவும் சொன்னால், அந்த அஞ்சு கூலரில் எது உள்ளே உட்காரும் என்று சொல்கிறேன்.